‘வராதே’ என்று சொல்லச் சொன்னாய்

தம்பி,

ரெலிபோனில் சொல்லக்கூடிய விசயத்தை இந்த மனுசி ஏன் தாளில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். ரெலிபோனில் என்றால் நான் இரண்டு வசனம் சொல்லுமுன் நீ பிரெஞ்சுக்குத் தாவிவிடுகிறாய். கோபம் வந்தால் உனக்குத் தமிழ் போய்விடும். எனக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சும் போய்விடும், இங்கிலிசும் போய்விடும். பிறகு ஆளுக்கொரு பாஷையில் கத்திக்கொண்டு நிற்போம், உன்னைப் பெற்ற கொப்பர் ரீவியின் சத்தத்தைக் கூட்டுவார். கடிதத்துக்கு இடையில் புகுந்து கத்த முடியாது. சனிக்கிழமைகளில் பங்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னைப் பனிக்குள்ளால் இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும். எழுத்துக்கூட்டி வாசி. விளங்காவிட்டால் என்னிடம் கேள்.

போன ஞாயிறு நீ சொன்னது இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. "அம்மா, மொறிஸை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ. ரீமாவின்ர அப்பா இருக்கிற மண்டபத்தில அந்தாள் இருக்கேலாது. அவர் வந்தா நான் கோயிலோட போயிடுவன், மண்டபத்துக்கு வரமாட்டன்." சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். மாப்பிள்ளை இல்லாத கலியாண மண்டபம்! இருநூறு சனத்துக்கு நடுவில் நானும் கொப்பரும் கேக் வெட்டுவதா? அன்று பின்னேரம் முழுக்கப் பாத்திரங்களோடு சண்டை பிடித்தேன். இப்போது ஆறிவிட்டது. ஆறிய பிறகுதான் எழுதுகிறேன். எனக்கு இருக்கிறது நீ ஒரே பிள்ளை. நீ அந்த வாசலால் மாலையோடு உள்ளே வருவதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர இந்த வயதில் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அதை வைத்தே நீ என்னைப் பிடித்திருக்கிறாய். கெட்டிக்காரன்தான்.

மொறிஸ் என்பது உனக்கு ஒரு பெயர். அம்மாவின் முதலாளி, யூதன், இஸ்ரேலுக்குக் காசு கொடுக்கிறவன், முடிந்தது. எனக்கு அப்படி ஒரே சொல்லில் முடியாது. நாங்கள் அகதியாக மொன்றியலுக்கு வந்து சென்ட் லோரன்டில் ஒற்றை அறை வீட்டில் இருந்த காலத்தில் அவருடைய பக்ரறியில் குளிர்கோட்டு தைக்கப் போனேன். மனுசன் லேசுப்பட்டவரில்லை. கொஞ்சம் பிந்தினால் ஒன்றும் சொல்லமாட்டார், சுவரில் இருக்கிற மணிக்கூட்டை விரலால் காட்டிவிட்டுப் போவார். அதைவிட ஒரு ஏச்சு ஏசியிருக்கலாம். சம்பளம் கூட்டிக் கேட்டால் இருமல் வந்துவிடும். ஆனால் நீ வயிற்றில் இருந்தபோது, துணி அழுத்துகிற மிசினின் நீராவி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டு, ஒருவரிடமும் கேளாமல் என் மிசினை யன்னலோரம் தூக்கி வைப்பித்தார். நான் நன்றி சொன்னபோது, "மயங்கி விழுந்தா வேலை நிக்குமெல்லே" என்றார். அவர் இங்கிலிசில் சொன்னதையும் எனக்கு மருமகளாய் வரப்போகிற ரீமாவின் அப்பா பிரெஞ்சில் சொன்னதையும் நான் எங்கட தமிழில்தான் எழுதுவேன். எனக்கு அப்படித்தான் காதில் கேட்டது.

நீ பிறந்து ஞானஸ்நானம் கொடுத்த அன்று ஒரு கடித உறை கொண்டுவந்து தந்தார். உள்ளே பச்சை எழுத்தில் ஒரு பத்திரம். இஸ்ரேலில் உன் பெயரில் ஒரு மரம் நட்டிருக்கிறது, மொறிஸின் அன்பளிப்பு என்று போட்டிருந்தது. கொப்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கித் தந்திருக்கலாம்" என்றார். ஆனால் வந்திருந்த எங்கள் சனம் அதை வேறு விதமாய் எடுத்தது. யேசு நடந்த மண்ணிலே எங்கட பிள்ளையின்ர பெயரில ஒரு மரம்! ஒருவர் அதைத் தொட்டு முத்தமிட்டும் விட்டார். பிறகென்ன, கண்ணாடி போட்டு, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு வாங்கி வந்தபோது, கட்டில் வருமுன் அந்தப் படம் வந்தது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன். அந்த மரம் எங்கே நிற்கிறது, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வேதாகமத்தில் படித்த இடமென்றால் அங்கே சனம் இருந்திருக்காது என்று நினைத்தோமோ என்னவோ.

அந்தக் காலத்தில் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கிற ஆம்பிளைகளுக்கு யூதர்தான் பேச்சு. "அவையளைப் பாருங்கோ. உலகமெல்லாம் சிதறிக் கிடந்து, காசு சேர்த்து, நாடு எடுத்தவை. நாங்களும் எடுப்பம்." கொப்பரும் அப்படிச் சொன்னவர்தான். நானும் தலையாட்டினேன். நீ வளர்ந்து பல்கலைக்கழகம் போய், ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "நாங்கள் யூதர் மாதிரி இல்லை, பலஸ்தீனர் மாதிரி" என்று சொல்லி, கொப்பரோடு சோறு ஆறும் மட்டும் வாதாடினாய். நான் அப்போது சொன்னதை இப்போதும் சொல்கிறேன். நாங்கள் நாங்கள் மாதிரி. மற்றவனுடைய சண்டைக்குள் எங்கள் முகத்தைத் தேடினால் அவனுடைய முகம் தெரியாமல் போய்விடும்.

ரீமாவைக் கூட்டிக்கொண்டு அவளுடைய தகப்பன் ஜோர்ஜும் தாயும் முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். நீ பதறிப்போய் இருந்தாய். நான் கட்லட், ரோல்ஸ் எல்லாம் செய்து, பட்டுச்சேலை உடுத்து நின்றேன். கத்தோலிக்கச் சனம், பிள்ளை சென்ட் லோரன்ட் கோயிலில் பாட்டுக்காரி, தகப்பன் மருந்துக்கடை வைத்திருக்கிறார்; எனக்கு மறுப்புச் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஜோர்ஜ் கோட்டைக் கழற்றிக்கொண்டே திரு இருதயப் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டார். பிறகு பக்கத்தில் இருந்ததைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய் வாசித்தார். எனக்கோ பெருமை! "இது எங்கட மகன்ரை பெயரில நட்டது, பரிசுத்த நாட்டில" என்று வேறு சொன்னேன். உன் முகம் வெளுத்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

அந்த மனுசன் ஒரு சொல் கோபமாய்ச் சொல்லவில்லை. இருந்து தேத்தண்ணி குடித்தார், திகதி பேசினார், கட்லட் உறைக்குது என்று கண்ணீர் விட்டார். போகும்போது வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் மட்டும் சொன்னார். "மடாம், நான் பிறந்தது பலஸ்தீனத்தில ஹைபாவுக்குக் கிட்ட ஒரு கிராமம். ரெண்டு வயசில என்னைத் தூக்கிக்கொண்டு லெபனானுக்கு ஓடினவை. அந்தக் கிராமம் இப்ப காடு. வெளிநாட்டுச் சனம் காசு குடுத்து நட்ட காடு. உங்கட மரம் அங்கதான் நிக்குதெண்டு நான் சொல்லேல்லை. வேற எங்கையும் நிக்கலாம். ஒருத்தருக்கும் தெரியாது." "உலகத்தில ஒரு நாடும் அவையளுக்குக் கதவு திறக்கேல்லையெண்டு மொறிஸ் சொல்லுறவர்" என்று ஏதோ உளறினேன். அவர் தலையாட்டினார். "ஓம், உண்மை. கதவு திறக்காமல் விட்டது ஐரோப்பாக்காரன். ஆனா பூட்டுப்பட்டது எங்கட வீடெல்லோ." அவர்கள் போனதும் படத்தைக் கழற்றினேன். நீ குப்பையில் போடு என்றாய். நான் போடவில்லை, அலுமாரிக்குள் வைத்தேன். கொடுத்தவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை என்று சொன்னதற்கு, "எண்ணத்தைப் பற்றிக் கதைக்காதேங்கோ அம்மா" என்று கத்தினாய்.

பிறகு இந்த வருசம் பிறந்தது. காசாவிலும் வன்னியிலும் ஒரே நேரத்தில் குண்டு விழுந்தது. ஜோர்ஜின் தங்கச்சி காசாவில் கலியாணம் முடித்து இருக்கிறாள். என் தம்பி, உன் சின்னமாமா, வன்னியில் பிள்ளை குட்டியோடு இடம் இடமாய் ஓடிக்கொண்டிருந்தான். மொறிஸின் மகள் இஸ்ரேலின் தெற்கில் ரொக்கட் விழுகிற ஊரில் இருக்கிறாள். இந்த மொன்றியல் குளிரில் மூன்று வீட்டிலும் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். நீ ஒரு கிழமை பலஸ்தீனக் கொடியோடு தெருவில் நின்றாய், மறு கிழமை எங்களோடு நின்றாய். காது இரண்டும் சிவந்து, தொண்டை கட்டி வீட்டுக்கு வருவாய். எனக்கு உன்னில் பெருமைதான். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பக்ரறியில் காலமை மொறிஸ் என் மிசினடிக்கு வந்து, "தம்பியட்டையிருந்து ஏதும் தெரிஞ்சுதோ?" என்று கேட்பார். நான், "மகள் எப்பிடி?" என்று கேட்பேன். அவ்வளவுதான். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. கிபிர் என்றால் என்னவென்று எங்கள் சனத்தில் பேசத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடப் பழகிய குழந்தை. "மிஸ்டர் மொறிஸ், என்ர தம்பிக்கு மேலால பறக்கிற அந்தக் கிபிர் பிளேன் இஸ்ரேல் வித்தது" என்றேன். தையல் நின்றது. பக்கத்து மிசின்காரிகள் குனிந்துகொண்டார்கள். அவர், "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து நின்றார். "மகளிட்டைக் கேட்டனான். நீ சொன்னது சரி. வெக்கமாக் கிடக்கு." போகத் திரும்பிவிட்டுச் சொன்னார். "ஆனா அவளின்ர வீட்டுக்கு மேலால ஒண்டும் பறக்காட்டி அவள் உயிரோட இருக்கமாட்டாளெண்டு அவள் நினைக்கிறாள். நானும் அப்பிடித்தான் நினைக்கிறன்." நான் ஒத்துக்கொள்ளவில்லை. காசாவில் செத்த பிள்ளைகளைச் சொன்னேன். அவர் பஸ்சில் வெடித்த குண்டுகளைச் சொன்னார். எங்கள் இயக்கப் பெடியள் கொழும்பில் வெடிக்கவைத்தபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் ஒன்றுக்கும் இணங்காமல் வேலைக்குத் திரும்பினோம்.

ஜோர்ஜிடமும் நான் சும்மா விடவில்லை. "எங்கட சனத்துக்குக் குண்டு போடுற இலங்கை அரசாங்கம் பலஸ்தீனத்துக்குப் பெரிய சிநேகிதனாமே?" என்று கேட்டேன். மனுசன் சிரித்தார். "எங்கட தலைவர்மார் கை குடுக்காத ஆள் உலகத்தில இல்லை, மடாம். கை குடுக்கிறதுதான் அவையின்ர வேலை." சிரித்துவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றும் சொன்னார். அவர் சிரித்ததைவிட அந்தச் சொல்தான் எனக்குள் நின்றது. இந்த இரண்டு மனுசரும் தங்கள் பக்கத்துக்காக எனக்கு முன்னால் வெட்கப்பட்டவர்கள். எங்கள் பக்கத்துக்காக நான் யாருக்கு முன்னால் வெட்கப்பட்டேன் என்று யோசித்தால் ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

நீ கேட்பாய், வெட்கப்பட்டால் போதுமா, காசு கொடுப்பதை மொறிஸ் நிறுத்தினாரா என்று. இல்லை, நிறுத்தவில்லை. கேட்டேன், நிறுத்தமாட்டேன் என்றார். ஜோர்ஜும் தன்னுடைய சங்கத்துக்குக் கொடுக்கிறார், ஆஸ்பத்திரிக்கு என்று. எங்கள் வீட்டு வாசலுக்கும் இயக்கத்துக்குக் காசு சேர்க்கப் பெடியள் வந்தார்கள், கொப்பரும் துறைமுகத்தில் ட்ரக் ஓடி உழைத்ததில் கொடுத்தார், எல்லாம் பிள்ளைகளின் பாலுக்குத்தான் போகும் என்று நம்பிக்கொண்டு. மூன்று வீட்டுப் பிள்ளைகளும் இங்கே ஹொக்கி விளையாடினீர்கள், பல்லுக்குக் கம்பி போட்டீர்கள். மூவரும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. வீடு போனவனும் வீட்டில் இருப்பவனும் ஒன்றில்லை. ஜோர்ஜுக்கு நியாயம் கிடைக்க வேண்டும், அவருக்கு ஒரு நாடு வேண்டும் என்று நான் எந்தக் கோயிலிலும் சொல்வேன். மொறிஸின் மகள் பயமில்லாமல் நித்திரை கொள்ள வேண்டும் என்றும் சொல்வேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நீ என்னைக் கோழை என்கிறாய். சொல்லு. இங்கேயிருந்து அனுப்புகிறவர்களுக்குச் சண்டை ஒருநாளும் அலுப்பதில்லை என்பதை மட்டும் இந்த நகரத்தில் இத்தனை வருசம் இருந்து கண்டுகொண்டேன்.

கலியாணத்துக்குச் சொல்லப் போனதைப் பற்றி. உனக்குத் தெரியும், எங்களுக்குத் தபாலில் காட் போடுகிற பழக்கம் இல்லை. கொப்பரும் நானுமாய் வீடு வீடாய்ப் போய், இரண்டு கையாலும் கொடுத்து, கட்டாயம் வரவேணும் என்று சொன்னால்தான் அது சொன்னது. மொறிஸ் வீட்டுக்கும் அப்படித்தான் போனோம். கொடுக்க முன்னமே, பெண்ணின் தகப்பன் யார், எந்த ஊர், அந்த மரங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய முகம் சிவந்தது. தாயின் குடும்பம் முழுக்கப் போலந்தில் எரிந்துபோனதை மறுபடி சொன்னார். நான் பொறுமையாய்க் கேட்டேன். பிறகு, "நான் நட்ட மரம் அந்த மனுசன்ரை வீட்டுக்கு மேல நிக்குதோ?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன். அப்போதுதான் இரண்டு கையாலும் அழைப்பைக் கொடுத்தோம். "நான் வாறது அவருக்குச் சம்மதமோ?" "என்ர மகன்ரை கலியாணம். நான் கூப்பிடுறன்." அவருடைய மனைவிதான், "வருவம்" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு வந்த வாயால், வராதேங்கோ என்று எப்படிப் போய்ச் சொல்வது? எங்கள் ஊரில் ஜென்மப் பகையாளிக்குக்கூட அப்படி ஒருவரும் செய்ததில்லை.

நீ சொல்கிறாய், ரீமாவின் அப்பாவுக்காக என்று. அவர் கேட்டாரா? நான் ரீமாவிடம் கேட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்கிறாள். தம்பி, நான் உன்னைப் பெற்றவள். உன் கோபம் ஜோர்ஜுக்காக இல்லை. சின்னமாமாவுக்காக. அவனைக் கொன்ற அரசாங்கத்தை உன்னால் ஒன்றும் செய்ய முடியாது. பிளேன் விற்ற நாட்டையும் ஒன்றும் செய்ய முடியாது. கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவர் மொறிஸ் ஒருவர்தான். எனக்கு அது விளங்குகிறது. எனக்கும் ஒருநாள் அவருடைய மிசினைத் தூக்கி அவருடைய தலையில் போடத் தோன்றியது.

இப்போது நான் உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சொல்லவேண்டாம் என்று என்னிடம் கேட்கப்பட்டது. நீ அந்த ஞாயிறு அப்படிக் கதைத்திராவிட்டால் என்னோடேயே போயிருக்கும்.

மே மாதம், சின்னமாமா முடிந்துபோனான் என்று முகாமுக்குள்ளிருந்து செய்தி வந்த அன்று நீ ஒட்டாவாவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனத்தோடு சனமாய் நின்றாய். நீ அங்கே நின்றது பிழையென்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. பிரேதம் இல்லை, பெட்டி இல்லை, அடக்கப் பூசை எப்போது வைப்பதென்று தெரியாது. படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு இருந்தேன். சனம் வந்து அழுதது, போனது. பின்னேரம் கதவு தட்டாமல் மொறிஸ் உள்ளே வந்தார். கையில் ஒரு பெட்டி. அதற்குள் அவித்த முட்டையும் வட்டப் பாணும். வைத்துவிட்டு எனக்கு நேரே கதிரையில் இருந்தார். ஒரு சொல் பேசவில்லை. என்னடா இது, துக்கம் விசாரிக்க வந்த மனுசன் வாயைத் திறக்கிறாரில்லையே என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. அவர்களுடைய செத்தவீட்டில் இழவுவீட்டுக்காரர் பேசும் வரைக்கும் வந்தவர் பேசக்கூடாதாம், பிறகுதான் அறிந்தேன். நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

அப்போது ஜோர்ஜ் வந்தார். பெரிய பிளாஸ்க் நிறையச் சீனி போடாத கோப்பி, பிடி இல்லாத சின்னச் சின்னக் கோப்பைகள். அவர்களுடைய செத்தவீட்டில் கசப்புக் கோப்பிதான் கொடுப்பதாம். யாருடைய வீடு, என்ன என்று பாராமல் தானே எழும்பி இருந்த சனத்துக்கெல்லாம் ஊற்றிக்கொண்டு வந்தார். அந்த வரிசையில் மொறிஸும் இருந்தார். "இவர் அக்காவின்ர முதலாளி, மிஸ்டர் மொறிஸ்" என்று பக்கத்து வீட்டு மனுசி வாய் சும்மா இருக்கமாட்டாமல் சொன்னாள். அந்தப் பெயரை ஜோர்ஜ் எங்கள் சுவரில் வாசித்தவர். பிளாஸ்க்கைப் பிடித்தபடி நின்றார். பிறகு ஊற்றினார்.

நாங்கள் கலியாணத்துக்குச் சொல்லப் போக முந்தின கதை இது, மொறிஸுக்கு ஒன்றும் தெரியாது. நன்றி சொல்லி, எந்த ஊர் என்று கேட்டார். "ஹைபா." "நான் போயிருக்கிறன். வடிவான இடம்." ஜோர்ஜ் சொன்னார்: "எனக்குத் தெரியாது. நான் ரெண்டு வயசில வெளிக்கிட்டனான். பேந்து திரும்பி வர விடேல்லை." அதோடு மொறிஸுக்கு விளங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு கோப்பியைக் குடித்தார். ஜோர்ஜ் மறுபடி ஊற்றினார். குடித்தார். மறுபடி ஊற்றினார். அவர்களுடைய வழக்கத்தில் போதும் என்றால் கோப்பையை ஆட்டிக் காட்ட வேண்டுமாம், ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்களாம். மொறிஸுக்கு அது எங்கே தெரியும்? மறுத்தால் அவமரியாதை என்று நினைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறார், வயது போன மனுசன், நெஞ்சு வருத்தக்காரன். நாலாவதுக்குப் பிளாஸ்க்கைச் சரித்த ஜோர்ஜ் நிறுத்தி, அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, "இப்பிடி" என்று கோப்பையை ஆட்டிக் காட்டினார். செய்தி வந்த நேரம் தொடக்கம் எனக்கு அழுகை வரவில்லை, தம்பி. அதைக் கண்டதும்தான் வாய்விட்டு அழுதேன்.

மொறிஸ் போன பிறகு ஜோர்ஜ் குசினிக்குள் வந்து கோப்பைகளைக் கழுவினார். நான் விடுங்கோ என்றும் விடவில்லை. "அந்தாளுக்காக நான் ஊத்தேல்லை, மடாம். செத்தவீட்டில வந்தவன் ஆரெண்டு பாக்கிறதில்லை. கலியாணத்தில அவர் ஹைபாவைப் பற்றிக் கதைச்சா எழும்பிப் போயிடுவன்" என்றார். சொல்வழி கேட்கிற மனுசன் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கட மகனிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. அவன் எனக்காகக் கோபப்படுறான். என்ர சொந்தப் பிள்ளையள் ஒருத்தரும் அப்பிடிப் பட்டதில்லை. எனக்கு அது விருப்பமாக் கிடக்கு" என்றார். நான் வாக்குக் கொடுத்தேன். இப்போது மீறிவிட்டேன். நீ தெரிந்ததாய்க் காட்டிக்கொள்ளாதே. அந்த மனுசனுக்காக நீ கோபப்படு, நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. கலியாணம் முடிந்தும் படு.

மண்டபத்தில் மேசைகளை நான்தான் ஒழுங்கு பண்ணுகிறேன். இருவரையும் ஒரே மேசையில் இருத்துகிற அளவுக்கு நான் விசரி இல்லை. ஜோர்ஜ் மணவறைக்குக் கிட்ட இருப்பார். மொறிஸ் பக்ரறிப் பெண்களோடு மற்றக் கரையில் இருப்பார், அவருக்குத் தனியாய் மரக்கறி. கை கொடுப்பார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு. நீ வராவிட்டால் நான் அழுவேன். சேலையைக் கசக்கிக்கொண்டு, வந்த சனத்துக்கு ஏதோ பொய் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்பேன். அதற்காக என்னைப் போய்ச் சொல்லச் சொல்லாதே. செத்தவீட்டுக்கு வந்த மனுசனைக் கலியாணவீட்டுக்கு வராதே என்று சொல்ல எனக்கு வாய் வராது, ராசா.

அம்மா